முறுக்கும் எடையும்: வேட்டைத் துப்பாக்கி வரலாற்றில் ஒரு கணக்கு

அம்பின் வாலில் முதன்முதல் இறகைக் கட்டியவன் பெயரை வரலாறு அறியாது. ஆயினும் அவன் கண்ட உண்மை பெரிது. இறகைச் சற்றே சாய்த்துக் கட்டினால் அம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு செல்லும். அவ்வாறு சுற்றிச் செல்லும் அம்பு நெறி பிறழாது. நம் சிறுவர்கள் சாட்டை சுற்றிவிடும் பம்பரமும், கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர்கள் ஆண்டுதோறும் போட்டியிட்டுச் சுழற்றும் காசிங்கும் இதே உண்மைக்குச் சான்றுகளாம். சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி தளர்ந்ததும் தலைசாய்ந்து விழுகிறது. துப்பாக்கிக் குழலுக்குள் இந்தப் பம்பரத்தைக் கொண்டு புகுத்திய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இதைப் படைக்கலச் செய்தியென்று ஒதுக்கிவிட வேண்டா. ஒரு பொருளின் எந்தப் பண்பு உண்மையான காரணம், எந்தப் பண்பு காரணம்போல் தோன்றும் நிழல் என்று பிரித்தறிவதற்கு மாணவர்க்கு ஒரு நல்ல பாடம் இதனுள் இருக்கிறது. நம் தமிழ்மண்ணைத் தொட்டுச் செல்லும் செய்தியும் இதில் உண்டு.

சொற்பொருள் விளக்கம்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குழலிலிருந்து வெளியே பாயும் ஈயத் துண்டைக் ‘குண்டு’ என்றும், குண்டும் வெடிமருந்தும் சேர்ந்து அடைக்கப்பட்ட முழுமையைத் ‘தோட்டா’ என்றும் இங்கே குறிப்பிடுவோம். குழலின் உட்சுவரில் திருகுபோல் வளைந்து செல்லும் பள்ளங்கள் ‘புரி’ எனப்படும். வலம்புரி, இடம்புரி என்று சங்கின் சுழிப்பை வழங்குகிறோம் அல்லவா? அதே புரிதான். புரியுள்ள குழலையுடைய துப்பாக்கியே ரைபிள். புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவதற்கு எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறதோ அதுவே அக்குழலின் ‘முறுக்கு’. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் முறுக்கு மிகுதி. எழுபது அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் முறுக்குக் குறைவு. குண்டின் எடையைக் ‘கிரெயின்’ என்னும் சிறு அளவையால் குறிப்பர். 7,000 கிரெயின் கொண்டது ஒரு பவுண்டு.

கடலூரில் மறைந்த கணித மேதை

புரிக்குழல் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே வழக்கிற்கு வந்துவிட்டது. ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் அதன் துல்லியத்தை நன்கு அறிந்திருந்தனர். ஆனால் அது ஏன் துல்லியமாகச் சுடுகிறது என்பதை நெடுங்காலம் எவரும் விளக்கவில்லை. செய்துபார்த்த கைகள் அறிந்ததை எண்ணிப்பார்த்த அறிவு எட்டவில்லை.

அந்த விளக்கத்தைத் தந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1707ஆம் ஆண்டு பாத் நகரிற் பிறந்த இவர் 1742இல் பீரங்கியியல் பற்றிய புதிய நூலொன்றை வெளியிட்டார். பறந்து வரும் குண்டின் வேகத்தை ஊசற்கட்டையில் மோதச்செய்து அளக்கும் வழியை வகுத்தவரும் இவரே. கணிதப் பேரறிஞர் லியோனார்டு ஆய்லர் 1745இல் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான உரையும் வரைந்தார் என்றால் அதன் பெருமையை வேறு சொல்ல வேண்டுவதில்லை.

வழுவழுப்பான குழலிலிருந்து சுடப்படும் உருண்டைக் குண்டு இலக்கை விட்டு ஏன் விலகுகிறது? குழலின் சுவரில் உரசி வரும்போது அது தாறுமாறாகச் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சியால் காற்று அதை ஒருபக்கமாகத் தள்ளுகிறது என்றார் ராபின்ஸ். இதனை மெய்ப்பிக்க அவர் ஒரு குழலின் முனையை இடப்புறமாகச் சற்று வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வலப்புறமாகத் திரும்பிப் பாய்ந்தது. குழலின் வளைவைவிடக் குண்டின் சுழற்சியே வலியது என்பது தெளிவாயிற்று. புரிக்குழல் இந்தத் தாறுமாறான சுழற்சியை அகற்றி, செல்லும் திசையையே அச்சாகக் கொண்ட சீரான சுழற்சியைத் தருகிறது. 1747இல் இலண்டன் அரச கழகத்தில் இவ்விளக்கத்தை அளித்த ராபின்ஸ், புரிக்குழலின் இயல்பை முழுதும் உணர்ந்து தன் படைக்கு வழங்கும் நாடு பிற நாடுகளை விஞ்சி நிற்கும் என்றும் முன்னறிந்து கூறினார். அவர் கூற்றுப் பலிக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அதற்குள் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பியது. கிழக்கிந்தியக் கும்பெனி அவரைத் தன் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750இல் அவர் இந்தியா வந்தார். சென்னைக் கோட்டையைப் பலப்படுத்தத் திட்டம் வரைந்துகொண்டிருந்த அவர் காய்ச்சலுற்று, 1751 சூலைத் திங்கள் 29ஆம் நாள் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் உயிர்நீத்தார். அக்கோட்டையைக் கிளைவின் பெயரோடும் பிரெஞ்சுக்காரரின் முற்றுகைகளோடும் சேர்த்து நாம் படித்திருக்கிறோம். சுழலும் குண்டின் இயல்பை உலகிற்கு உணர்த்திய அறிஞர் கண்மூடிய இடமும் அதுவே என்பதை நம்மில் நினைப்பவர் சிலரே.

உருண்டை நீண்ட கதை

ராபின்ஸ் காலத்துக் குண்டு உருண்டை. உருண்டைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எப்பக்கம் திரும்பினாலும் ஒரே வடிவம். ஆகவே அது கவிழும் அச்சமில்லை. மெல்லிய சுழற்சி இருந்தாலே போதும். குண்டு நீளத் தொடங்கியபோதுதான் முறுக்கின் சிக்கல் தொடங்கியது.

நீள்குண்டு ஏன் வேண்டும்? ஒரே எடையுள்ள உருண்டையைவிட ஒடுங்கி நீண்ட குண்டு காற்றை எளிதிற் பிளந்து செல்லும். வேகத்தை நெடுந்தூரம் காத்துக்கொள்ளும். ஆயினும் புரியைக் கவ்வும் அளவுக்கு இறுக்கமான குண்டைக் குழல்வாய் வழியே இடித்து இறக்குவது பெரும்பாடு. இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் நார்ட்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். தென்னிந்தியாவில் பணியாற்றியபோது, அங்குள்ள மக்கள் ஊதுகுழல் அம்பின் அடியில் நெட்டியைப் பொருத்துவதையும், ஊதும்போது அது விரிந்து குழலை அடைத்துக்கொள்வதையும் கண்டு, அடிப்புறம் குடைவான குண்டை அவர் அமைத்தார் என்று கூறுவர். நம் நாட்டுக் காடுகளில் ஓராங் அஸ்லி மக்கள் ஊதும் சும்பிட்டான் அம்பின் அடியிலும் இத்தகைய நெட்டிக் கூம்பைக் காணலாம். 1849இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே இம்முறையைச் செம்மைப்படுத்தினார். குழலுள் தளர்வாக இறங்கும் குண்டு, மருந்து வெடித்ததும் அடி விரிந்து புரியைக் கவ்வியது.

இங்கிலாந்து 1853இல் ஏற்ற என்பீல்டு ரைபிள் இவ்வகையினது. அதன் தோட்டாத் தாளில் தடவிய கொழுப்பே 1857ஆம் ஆண்டு வட இந்தியச் சிப்பாய்களின் எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. புரிக்குழலில் குண்டு தடையின்றி இறங்குவதற்காகத் தடவிய நெய்ப்பு ஓர் அரசையே ஆட்டங்காணச் செய்தது.

விட்வொர்த்தின் ஆய்வு

என்பீல்டு குழலின் துளை 0.577 அங்குலம், குண்டின் எடை 530 கிரெயின், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இது சிறந்த அளவுதானா என்று ஆராயும் பணியை 1854இல் மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த்திடம் அரசு ஒப்படைத்தது. திருகாணிகளுக்குச் சீரளவு வகுத்துப் புகழ்பெற்றவர் அவர். காற்றின் தொல்லை அணுகாதவாறு 500 கெஜ நீளத்துக்குக் கூரையிட்ட சுடுகூடம் ஒன்றைத் தம் இல்லத்தருகே எழுப்பி, முறுக்கை ஒவ்வொன்றாக மாற்றிச் சுட்டுப்பார்த்தார்.

அவர் கண்ட முடிவு வியப்புக்குரியது. குண்டின் எடையை அதே 530 கிரெயினாக வைத்துக்கொண்டார். துளையை மட்டும் 0.45 அங்குலமாகச் சுருக்கினார். எடை மாறாமல் பருமன் குறைந்தால் நீளம் கூடத்தானே வேண்டும்? நீண்டுவிட்ட அக்குண்டு 78 அங்குல முறுக்கில் நிலைகொள்ளாது. 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் கடும் முறுக்கில் அது அம்புபோற் சென்றது. 1857இல் ஹைத் நகரில் நடந்த ஒப்புநோக்குச் சோதனையில் விட்வொர்த்தின் அறுகோணக் குழல் என்பீல்டை எளிதில் வென்றது. 1860 சூலை 2ஆம் நாள் விம்பிள்டனில் தேசிய ரைபிள் கழகத்தின் முதற்போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தபோது, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் கயிற்றை இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால் இலக்கின் நடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு தைத்தது. விலை மிகுதியாலும், குழலில் கரி விரைவில் படிந்ததாலும் படைக்கு அந்த ரைபிள் ஏற்கப்படவில்லை. ஆனால் அதன் பாடம் நிலைத்தது.

காட்டிலிருந்து எழுந்த மறுப்பு

முறுக்கு மிகுந்தால் எல்லாம் நன்றே என்று எண்ணிவிடலாகாது. யானையும் காட்டெருமையும் புலியும் திரிந்த இந்திய, இலங்கைக் காடுகளில் வேட்டையாடியவர்களின் அனுபவம் வேறு. அவர்களுக்கு ஆயிரம் கெஜத் துல்லியம் தேவையில்லை. ஐம்பது கெஜத்துக்குள் பாய்ந்து வரும் விலங்கை நிறுத்தும் ஆற்றலே தேவை.

நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டல் நகரக் கிப்ஸ் என்னும் துப்பாக்கி வினைஞர் செய்துதந்த பெருந்துப்பாக்கியைப் பயன்படுத்தினார். அதன் எடை 21 பவுண்டு. குண்டு 3 அவுன்சு. குண்டைச் சுற்றி ஒட்டியாணம்போல் ஒரு வரம்பு இருக்கும். அவ்வரம்பு இரண்டு புரிகளில் பொருந்தி வழுவாமல் செல்லும்.

வங்கப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்சித் 1863இல் வெளியிட்ட வேட்டை ரைபிள் பற்றிய நூலில் வேறு வழி காட்டினார். மிகுந்த மருந்திட்டு மென்மையான ஈய உருண்டையைக் கடும் முறுக்கில் செலுத்தினால், அது புரியோடு திரும்பாமல் பள்ளங்களைச் சிதைத்துக்கொண்டு நேரே வழுக்கிவிடும். ஆகவே 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் மிக மெல்லிய முறுக்கே உருண்டைக்கு ஏற்றது என்று அவர் வாதிட்டார். விட்வொர்த்தின் 20 எங்கே, பார்சித்தின் 104 எங்கே! இருவரும் ஒரே காலத்தவர். இருவர் கூற்றும் உண்மை. ஒருவர் நீண்ட குண்டைப் பேசினார். மற்றவர் உருண்டையைப் பேசினார். எந்தக் குண்டுக்கு என்று கேளாமல் எந்த முறுக்குச் சிறந்தது என்று கேட்பது, எந்த நோய்க்கு என்று கேளாமல் எந்த மருந்து சிறந்தது என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

கிரீன்ஹில் தந்த வாய்பாடு

இவ்விரு அனுபவங்களையும் ஒரே விதிக்குள் அடக்கியவர் உல்விச் பீரங்கிப் படைக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். 1879இல் அவர் கண்ட விதியின் எளிய வடிவம் இது: குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று காண்க. அந்த எண்ணால் 150ஐ வகுக்க. வரும் ஈவை விட்டத்தால் பெருக்க. அதுவே வேண்டிய முறுக்கு.

விட்வொர்த்தின் குண்டு தன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமுடையது. 150ஐ 3ஆல் வகுத்தால் 50. அதை 0.45 அங்குலத்தால் பெருக்கினால் 22½ அங்குலம். விட்வொர்த் சுட்டுச் சுட்டுக் கண்ட முறுக்கோ 20 அங்குலம். கணிதம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவினைஞர் அதன் வாயிலை எட்டிவிட்டார்.

இவ்விதியில் எடைக்கு இடமே இல்லை என்பதை நோக்குக. காரணம் இதுதான். பறக்கும் குண்டின்மீது காற்றின் அழுத்தம் குவியும் இடம், குண்டின் எடைநடுவுக்கு முன்னால் அமைகிறது. அதனால் காற்று எப்போதும் குண்டின் மூக்கைத் தூக்கிக் கவிழ்க்கவே முயல்கிறது. குண்டு நீள நீள இந்தக் கவிழ்க்கும் நெம்புகோலும் நீள்கிறது. சுழற்சியே அதை எதிர்த்து நிற்பது. அப்படியாயின் வேட்டைக்காரர் ஏன் இன்றும் எடையையே பேசுகின்றனர்? தோட்டாப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது எடை, நீளமன்று. விட்டமும் பொருளும் வடிவமும் மாறாதபோது எடை கூடினால் நீளமும் கூடும். ஆகவே எடை நீளத்தின் நிழலாகப் பயன்படுகிறது. நிழல் பெரும்பாலும் உருவத்தைக் காட்டும்; எப்போதும் காட்டாது.

இதற்கு ஒரு சான்று. மலாயாவில் அவசரகாலத்தைக் கண்ட மூத்தோர் அறிந்த 303 ரைபிளின் குண்டு, 1888இல் 215 கிரெயின் எடையும் மழுங்கிய மூக்கும் உடையதாயிருந்தது. முறுக்கு 10 அங்குலம். 1910இல் ஏற்கப்பட்ட கூர்மூக்குக் குண்டு 174 கிரெயினே. ஆனால் அதன் மூக்கினுள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் போன்ற இலேசான பொருள் வைக்கப்பட்டது. எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் நீளம் ஏறத்தாழ அப்படியே நின்றது. பழைய முறுக்கும் அப்படியே பொருந்தியது.

இரு நிறுவனங்களின் கதை

இந்தக் கணக்கைப் பிழைபட எண்ணியதால் ஒரு தோட்டாவே வீழ்ந்த கதை 1955இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அவ்வாண்டில் வின்செஸ்டர் நிறுவனம் 243 என்னும் தோட்டாவையும், ரெமிங்டன் நிறுவனம் 244 என்னும் தோட்டாவையும் வெளியிட்டன. பெயர் வேறாயினும் இரண்டின் குண்டும் 0.243 அங்குல விட்டமுடையதே. ரெமிங்டன் தோட்டாவில் மருந்துக்கு இடம் சற்று மிகுதி. ஆகவே ஆற்றலும் ஒரு படி மேல்.

வேறுபாடு முறுக்கில் இருந்தது. பயிரழிக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடவே மக்கள் இதை வாங்குவர் என்று ரெமிங்டன் கருதியது. 75, 90 கிரெயின் குண்டுகளையும் 12 அங்குல முறுக்கையும் தேர்ந்தது. வின்செஸ்டரோ சிறு விலங்குக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமென்று மக்கள் விரும்புவர் எனக் கணித்தது. 80, 100 கிரெயின் குண்டுகளையும் 10 அங்குல முறுக்கையும் தேர்ந்தது.

வேகம் மிகுந்த இக்காலக் குண்டுகளுக்குக் கிரீன்ஹில் விதியில் 150க்குப் பதிலாக 180 என்னும் எண்ணைக் கொள்வர். விட்டத்தைப்போல் மூன்றரை மடங்கு நீளமுள்ள குண்டுக்கு விடை 12½ அங்குலம். 12 அங்குல முறுக்கே போதும். நான்கேகால் மடங்கு நீளமுள்ள கூர்மூக்குக் குண்டுக்கு விடை 10¼ அங்குலம். 12 போதாது, 10 போதும். மான் வேட்டைக்காரர் விரும்பிய 100 கிரெயின் கூர்மூக்குக் குண்டு இந்த இரண்டாம் வகையை ஒட்டியது. அதே 100 கிரெயினில் மழுங்கிய மூக்குடைய குட்டைக் குண்டை ரெமிங்டன் துப்பாக்கிகள் பல செவ்வனே சுட்டன என்பதும் நினைக்கத்தக்கது. எடை ஒன்றே, நீளம் வேறு, விளைவும் வேறு.

மக்கள் 243ஐ நாடினர். ரெமிங்டன் பின்னர்த் தன் முறுக்கை 9 அங்குலமாக மாற்றி, 1963இல் அதே தோட்டாவுக்கு 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று புதுப்பெயர் சூட்டியது. ஆயினும் இழந்த இடத்தை மீட்க இயலவில்லை.

காற்றும் செம்பும்

முறுக்கின் தேவையைக் காற்றும் மாற்றும். அமெரிக்கரின் எம்-16 துப்பாக்கி தொடக்கத்தில் 14 அங்குல முறுக்கோடு வந்தது. கடுங்குளிர்ச் சோதனையில் அதன் 55 கிரெயின் குண்டு தள்ளாடியது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. கவிழ்க்கும் வலிமையும் மிக்கது. ஆகவே 1963இல் முறுக்கு 12 அங்குலமாயிற்று. பனியே காணாத சிங்கப்பூரில் அத்துப்பாக்கியின் வழிவந்த எம்-16 எஸ்-1ஐத் தோளில் சுமந்து தேசிய சேவை ஆற்றிய நம் இளைஞர்கள், வடதுருவக் குளிர் தீர்மானித்த ஒரு முறுக்கையே சுமந்தனர். 1980களில் நீண்ட 62 கிரெயின் குண்டும் அதனினும் நீண்ட ஒளிக்குண்டும் வந்தபோது முறுக்கு 7 அங்குலமாக மேலும் கடுமையாயிற்று.

இன்று மற்றொரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. ஈயக் குண்டால் வீழ்ந்த விலங்கின் எச்சத்தைத் தின்னும் பறவைகள் நஞ்சேறி மடிகின்றன. கலிபோர்னியா மாநிலம் அருகிவரும் காண்டோர்க் கழுகைக் காக்க 2013இல் சட்டம் இயற்றி, 2019 சூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றும் தடுத்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. ஆகவே அதே எடையில் செம்புக் குண்டு நீண்டுவிடும். தந்தையின் துப்பாக்கியில் தந்தை பயன்படுத்திய அதே எடையைச் செம்பில் வாங்கி இடுபவன், எடை மாறவில்லையே என்று எண்ணினால் ஏமாறுவான். அவன் ஒரு படி இலேசான குண்டைத் தேர வேண்டும். அன்றி முறுக்கு மிகுந்த குழலை நாட வேண்டும். 2005இல் டான் மில்லர் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட திருத்தமான விதி இத்தகைய கணக்குகளுக்கு இன்று பெரிதும் பயன்படுகிறது.

முறுக்கு மிகுந்தாலும் தீங்குண்டு. விநாடிக்கு 3,200 அடி வேகத்தில் 9 அங்குல முறுக்கிலிருந்து வெளிப்படும் குண்டு விநாடிக்கு 4,200 தடவைக்குமேல் சுழல்கிறது. மெல்லிய உறையுடைய இலேசான குண்டு அச்சுழற்சியில் சிதறிப்போவதும் உண்டு. குண்டில் சிறு கோணல் இருந்தாலும் சுழற்சி அதைப் பெருக்கிக் காட்டும்.

முடிவுரை

வேட்டை நன்றா தீதா என்னும் வினா தனியே ஆராய்தற்குரியது. ஆயினும் வேட்டையாடுபவனுக்கும் ஓர் அறம் உண்டு. ஓர் உயிரை வீழ்த்தத் துணிந்தவன் அதை வதைக்காமல் வீழ்த்த வேண்டும். குறுக்காகக் கவிழ்ந்து செல்லும் குண்டு நெஞ்சில் தைக்காது. வயிற்றிலோ தொடையிலோ தைக்கும். புண்பட்ட மான் புதருள் ஓடி நாட்கணக்கில் துடித்துச் சாகும். இரண்டு அங்குல முறுக்கு வேறுபாட்டைக் கணக்கிடச் சோம்பியவனின் பிழைக்கு வாயில்லா உயிர் விலைகொடுக்கும்.

மாணவர்க்கும் இதில் ஒன்று உண்டு. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணே பொருளின் இயல்பு என்று மயங்கலாகாது. எளிதில் அளக்க முடிவது ஒன்று. உண்மையில் வினைபுரிவது மற்றொன்று. பல வேளைகளில் இரண்டும் ஒத்துச் செல்லும். ஒவ்வாத வேளையை அறிபவனே கற்றவன். மதிப்பெண்ணைக் கொண்டு மாணவனை எடைபோடும் ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். வளைந்த குழலைக் கையில் ஏந்தி, குண்டு செல்லும் திசையை உற்றுநோக்கி, கண்ணுக்குப் புலப்படும் வளைவைக் கடந்து புலப்படாத சுழற்சியைக் கண்டவர் ராபின்ஸ். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் அவர் வாழ்வு முடிந்தது. அவர் கற்பித்த பார்வை முடியவில்லை.